ஜாக்கிக்குள் போன விரல்

எங்கள் ரேஷன் கடைக்கு ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறது. பழைய ஆளுக்கு என் சங்கதி தெரியும். நான் படியேறும்போதே "அந்த வெரல வைங்கண்ணே" என்று நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார். இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மிஷினை என் பக்கம் திருப்பி, "கட்ட வெரல வைங்க" என்றது.

வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"தொடச்சிட்டு வைங்க."

வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. அடுத்த கை, அடுத்த விரல் என்று போய்க்கொண்டே இருந்தோம். பின்னால் வரிசை வளர்ந்தது. "தலையில நல்லா தேய்ச்சிட்டு வைங்கண்ணே, எண்ணெப் பசை இருந்தா எடுக்கும்" என்றது அந்தப் பெண். தேய்க்கலாம்தான். ஆனால் எனக்குத் தலையில் எண்ணெய் தங்குகிற அளவுக்கு முடி இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. அதை எப்படி ஒரு சின்னப் பெண்ணிடம் எடுத்துச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் நின்றவர் தன் தலையைக் குனிந்து நீட்டினார்.

"இந்தாங்க, என் தலையில தேய்ச்சுக்கங்க. எனக்கு நேரமாவுது."

முன்பின் தெரியாத மனிதர். நல்ல அடர்த்தியான முடி. நான் தயங்கித் தயங்கி அவர் உச்சந்தலையில் ஐந்தாறு விரல்களைத் தேய்த்தேன். மிஷின் அவரையும் ஏற்றுக்கொள்ளவில்லை, என்னையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒன்பது விரல்கள் முடிந்தன. பத்தாவதை, அதாவது வலது கை ஆள்காட்டி விரலை, நான் மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்டு வாங்காவிட்டால் நான் அதைக் கடைசியில்தான் கொடுப்பேன். மாதாமாதம் கண்ணாடியில் வைத்து வைத்து அதுவும் தேய்ந்துவிட்டால் என்ன செய்வது? நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு இந்த மாதிரி பயங்கள் நிறைய உண்டு. பெரும்பாலானவை நடந்தும் இருக்கின்றன.

விரல்களை மூக்கருகே கொண்டுபோனேன். அடுத்தவர் தலை எண்ணெய் வாசனை. சுத்தமான தேங்காய் எண்ணெய். அந்த வாசனை எனக்குக் குளியலையோ கோவிலையோ நினைவுபடுத்துவதில்லை. காங்கிரீட் போடும் நாளைத்தான் நினைவுபடுத்தும்.

தளம் போடுகிற அன்று காலையில், வீட்டுக்காரர் தரப்பிலிருந்து முதலில் வருவது ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய். ஆள் ஆளுக்குக் கையில் ஊற்றிக்கொண்டு முழங்கை வரைக்கும், முழங்கால் வரைக்கும் பூசிக்கொள்வோம். ஈரச் சிமெண்ட் தோலைத் தின்னும். முதலில் விரல் இடுக்கில் அரிக்கும், அப்புறம் வெள்ளையாக ஊறும், சாயங்காலம் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசையும்போதுதான் எந்தெந்த இடத்தில் தோல் இல்லை என்பது தெரியவரும். இருபது முப்பது பேர் எண்ணெய் பளபளக்க வரிசையாக நிற்பதைப் பார்த்தால் மல்யுத்தத்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி இருக்கும். ஒருவகையில் அதுவும் மல்யுத்தம்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீடு என்றால் சிமெண்ட் அரியலூரிலிருந்து வரும், ஜல்லி பெரம்பலூர்க் குவாரிகளிலிருந்து வரும், மணல் அந்தக் காலத்தில் திருமானூர்ப் பக்கம் கொள்ளிடத்திலிருந்து வந்தது. ஒவ்வோர் ஊர்ச் சரக்குக்கும் ஒவ்வொரு விதமான காயம். அரியலூர் மூட்டை சில நாள் ஆலைச் சூடு ஆறாமல் வந்து இறங்கும். தோளில் ஏற்றினால் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்ததுபோல் இருக்கும். பெரம்பலூர் ஜல்லி உள்ளங்காலைக் கிழிக்கும். கொள்ளிடம் மணல் சாதுவானது, கண்ணுக்குள் மட்டும் போகும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இரண்டு மாவட்டத்துப் பூகோளத்தையும் என் உடம்பிலிருந்துதான் படித்தேன்.

எங்கள் மேஸ்திரி ராசாங்கத்துக்கு அரும்பாவூர். வேலையில் கெட்டிக்காரர். அவர் அகராதியில் காயம் என்ற வார்த்தையே கிடையாது. எல்லாமே "கீறல்". செங்கல் விழுந்து கால் நகம் பெயர்ந்தால் கீறல். சென்ட்ரிங் பலகையில் இருந்த ஆணி செருப்பைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து எட்டிப் பார்த்தால் கீறல். அவருடைய இடது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. அதைப் பற்றி ஒருநாள் கேட்டேன்.

"அதுவா? மிஷின் பல்சக்கரத்துல ஒரு கீறல்" என்றார்.

நான் அதற்கு நேர் எதிர். எனக்கு எல்லாமே சாவு. துருப்பிடித்த ஆணி குத்தினால் தாடை இறுகி வாய் பூட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆணி எங்கே குத்தினாலும் நான் முதலில் செய்வது கொட்டாவி விட்டுப் பார்ப்பது. வாய் திறக்கிறதா? திறக்கிறது. அரை மணி கழித்து மறுபடி ஒரு கொட்டாவி. நான் சோம்பேறி என்று மேஸ்திரி மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். எங்களோடு சித்தாளாக வேலை செய்த அஞ்சலை அக்காதான் கண்டுபிடித்தது.

"இவனுக்குத் தூக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல மேஸ்திரி. வாய் இருக்கா இல்லையான்னு பாத்துக்கிறான்."

இப்படிப்பட்ட எங்களிடம்தான் லப்பைக்குடிக்காட்டு ஜமால் பாய் தன் வீட்டை ஒப்படைத்தார். அவர் சவூதியில் இருந்தார். ஒரு பெரிய கட்டட வேலையில் சேப்டி பார்க்கிற ஆள். யார் தொப்பி போடவில்லை, யார் பெல்ட் கட்டவில்லை என்று எழுதுவதுதான் உத்தியோகம். வீட்டை அவர் நேரில் பார்க்கவே இல்லை. எல்லாம் வீடியோ கால்தான். இங்கே அவருடைய மாமனார் போனைச் சாப்பாட்டுத் தட்டு ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடப்பார். பாதி நேரம் ஜமால் பாய்க்கு மாமனாரின் தாடிதான் தெரியும். தாடிக்குள்ளிருந்து அதட்டல் வரும்.

"மாமா, போனைத் திருப்புங்க! மேஸ்திரி, அந்தம்மா ஏன் ஹெல்மெட் போடல?"

ஆமாம், ஹெல்மெட். ஊருக்கு வந்த ஒருவர் பெட்டியில் பதினைந்து மஞ்சள் ஹெல்மெட்டுகளைக் கொடுத்து அனுப்பியிருந்தார் ஜமால் பாய். நல்ல மனசு. ஆனால் சட்டியைத் தலையில் தூக்குகிறவர்கள் ஹெல்மெட் போட்டால் என்ன ஆகும் என்பதை சவூதியில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அங்கே எல்லாவற்றையும் கிரேன் தூக்கியிருக்கும். வழவழப்பான உருண்டைமேல் கலவைச் சட்டியை வைத்தால் அது எந்தத் திசையில் இறங்கும் என்பது சட்டிக்கே தெரியாது. முதல் நாளே மூன்று சட்டிகள் இறங்கின. ஒன்று என் கால்மேல்.

"தலையில தொப்பிய வைக்கவா, சட்டிய வைக்கவா? ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லுங்க பாயை" என்றது அஞ்சலை அக்கா.

மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்தார். தாடி தெரு முனையில் தெரிந்தால் ஹெல்மெட். தாடி போய்விட்டால் சட்டிக்கு அடியில் வைக்கிற சும்மாட்டுத் துணி. மற்ற நேரங்களில் அந்த ஹெல்மெட்டுகள் தண்ணீர் மொள்ளவும், ஆணி போட்டு வைக்கவும், ஒருநாள் சாம்பார் வாங்கி வரவும் பயன்பட்டன. கனமாகவும் சூடு தாங்குவதாகவும் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜமால் பாய் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். அவருடைய கம்பெனியில் ஓர் ஆளுக்கு அடிபட்டால் மொத்த வேலையும் அந்த நிமிஷமே நிற்குமாம். விசாரணை முடிந்த பிறகுதான் தொடருமாம். "எங்க வூட்லயும் அப்படித்தான் மேஸ்திரி. ஒரு சொட்டு ரத்தம் பாத்தேன், வேலைய நிறுத்திருவேன்" என்று போனில் சொன்னார். மேஸ்திரி தலையாட்டினார். மற்ற வேலைகளுக்கு அது சரி. தளம் போடும்போது பாதியில் நிறுத்தினால், பழைய காங்கிரீட்டும் புதுக் காங்கிரீட்டும் சேர்கிற இடத்தில் கோடு விழும். அந்தக் கோட்டின் வழியாக ஆயுள் முழுக்க மழை ஒழுகும். ராசாங்கம் போட்ட தளம் ஒழுகியது என்ற பேச்சு அதுவரை இரண்டு மாவட்டத்திலும் கிடையாது.

தளம் போட வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள். அன்றைக்குத்தான் ஜமால் பாய்க்கு லீவு, காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்க்கலாம். முந்தின நாள் அவர் ஒரு புது உத்தரவு போட்டார்: தளம் முடியும் வரை கீழே நின்று முட்டுகளை மட்டும் பார்த்துக்கொள்ள ஒரு சேப்டி ஆபீசர் வேண்டும்.

மேஸ்திரி எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். "பயப்படுறதுதான் வேலைன்னா நம்மகிட்ட ஒரு ஆள் இருக்கான்" என்று என்னைக் கைகாட்டினார்.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

தளத்தைத் தாங்குகிற இரும்பு முட்டை நாங்கள் ஜாக்கி என்போம். ஒரு பெரிய குழாய்க்குள் ஒரு சின்னக் குழாய் நுழைந்திருக்கும். சின்னக் குழாயில் வரிசையாக ஓட்டைகள். வேண்டிய உயரத்துக்கு இழுத்து, ஓர் ஓட்டையில் பின்னைச் செருகினால் அது அப்படியே நிற்கும். மேலே மிஷின் சுற்றத் தொடங்கியது. சட்டிகள் கைமாறி ஏறின. நான் கீழே, அரை இருட்டில், ஒவ்வொரு ஜாக்கியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பின் இருக்கிறது. நேராக நிற்கிறது. தட்டினால் சத்தம் சரியாக இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். ஒரு ஜாக்கி மட்டும் மற்றதைவிடக் கூடுதலாகத் துருப்பிடித்திருந்தது. வெளியே இவ்வளவு துரு என்றால் உள்ளே எவ்வளவு தின்றிருக்கும்? தடவிப் பார்த்துவிடலாம் என்று, பின்னுக்கு மேலே காலியாக இருந்த ஓட்டையில் ஆள்காட்டி விரலை விட்டேன்.

உள்ளே துரு அவ்வளவாக இல்லை. குழாய் நன்றாகத்தான் இருந்தது. அந்தத் திருப்தியோடு விரலை இழுத்தேன். வரவில்லை.

ஓட்டை போட்டபோது உள்பக்கமாக மடங்கிய இரும்புச் சிலும்பு, விரலை உள்ளே விட்டது, வெளியே விடமாட்டேன் என்றது. இழுக்க இழுக்கத் தோலில் இறங்கியது. இரண்டு நிமிஷத்தில் விரல் கணு வீங்கிவிட்டது. என் தலைக்கு மேலே, நான் மாட்டியிருந்த அதே ஜாக்கியின் மேலே, இருபது பேர் ஈரக் காங்கிரீட்டைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கொட்டாவி விட்டுப் பார்த்தேன். வாய் திறந்தது. அப்புறம்தான் கத்தினேன்.

மேஸ்திரி இறங்கி வந்தார். பார்த்தார். "கீறல்" என்று சொல்ல வாயெடுத்தவர், குழாயில் வழிந்த ரத்தத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"ஏன்டா, சேப்டி ஆபீசரு... ஒன்ன எதுக்குடா கீழ வுட்டேன்?"

"துரு இருக்கான்னு பாத்தேன் மேஸ்திரி."

"இருந்துச்சா?"

"இல்ல."

"சந்தோசம்."

எண்ணெய் ஊற்றினார்கள். சோப்பு போட்டார்கள். கம்பி கட்டுகிறவர் ரம்பத்தைக் கொண்டுவந்து குழாயை அறுக்கலாம் என்றார். குழாயை அறுத்தால் தளம் இறங்கும். அவர் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழாயைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், மறுபடி குழாயைப் பார்த்தார். "அவர மொதல்ல மேல அனுப்புங்க" என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லலாம் என்றார் இன்னொருவர். அது மணி அடித்துக்கொண்டு வந்தால் சவூதி வரைக்கும் கேட்கும் என்றார் மேஸ்திரி.

அப்புறம் என் பக்கத்தில் வந்து, அதே ஜாக்கியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீ சொன்னா இப்பவே நிறுத்திடுறேன். மேல ஆளுங்க நடக்கையில இந்த ஜாக்கியத் தளர்த்த முடியாது. நாலு மணிக்குத் தளம் முடியும். முடிஞ்ச ஒடனே பக்கத்துல வேற முட்டு குடுத்து, ஒன்னக் கழட்டிடலாம். என்னா சொல்ற?"

மணி பத்தேகால். அவருடைய பாதிச் சுண்டுவிரல் என் கண்ணுக்கு நேரே இருந்தது. விரல் போனால் கொத்தனாராகிக் கரணை பிடிக்க முடியாது. காலம் பூராவும் சட்டி தூக்குகிறவனாகவே கிடக்க வேண்டியதுதான். நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவர் அப்படிக் கேட்டுவிட்டார். அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டு முடிவெடுத்ததில்லை. "நாலு மணிதானே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறு நொடியே வருத்தப்பட்டேன். ஆனால் தாடி வந்துவிட்டது.

அஞ்சலை அக்கா சட்டென்று தன் தலைத்துண்டை உருவி என் கைமேல் போட்டது. நான் மற்றக் கையால் ஜாக்கியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"மேஸ்திரி, அவரு ஏன் ஜாக்கியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு?" என்றது போன்.

"அவருதான் பாய் சேப்டி ஆபீசர். ஜாக்கி அசையுதான்னு ஒடம்பாலயே பாக்குறாரு."

"மாஷா அல்லாஹ்" என்றார் ஜமால் பாய். "எங்க கம்பெனியில கூட இப்படி ஒரு ஆள நான் பாத்ததில்ல. அண்ணே, ஒங்க பேரு என்னா?"

பேரைச் சொன்னேன். வலியில் அது எனக்கே வேறு யாருடைய பெயர் மாதிரியோ கேட்டது.

அவருக்கு என்னை மிகவும் பிடித்துப்போய்விட்டது. அதுதான் வினை. கால் மணிக்கு ஒருமுறை கூப்பிட்டு, "அந்த அண்ணன் இன்னும் நிக்கிறாரா?" என்று விசாரித்தார். நின்றேன். உட்கார வழியில்லை. பகல் தொழுகைக்கு மாமனார்ப் பெரியவர் போனபோதுதான் கொஞ்சம் வாய்விட்டு அழ முடிந்தது. அஞ்சலை அக்கா ஹெல்மெட்டில் தண்ணீர் கொண்டுவந்து துணியை நனைத்து நனைத்துச் சுற்றியது. விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"அக்கா, வெட்டிடுவாங்களா?"

"வெட்டுனா என்னா? மேஸ்திரியோட பாதி, ஒன்னோட பாதி. ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளு கணக்கு" என்றது. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. துணி நனைக்கிற கை மட்டும் நிற்கவில்லை.

தொழுகை முடிந்து பெரியவர் பிரியாணியோடு வந்தார். அந்த வாசனையை உங்களுக்கு எப்படிச் சொல்வது? நான் அதற்கு முன்னும் பின்னும் அந்த மாதிரி பிரியாணி சாப்பிட்டதில்லை. இலையை எனக்கு ஒரு டிரம் மேல் வைத்துக் கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல் இடது கையை நீட்டினேன்.

"எடது கையால சாப்புடக் கூடாது தம்பி" என்று பெரியவர் பக்கத்தில் வந்தார். துண்டைத் தூக்கினார். பார்த்தார். மெல்ல மூடினார். மேஸ்திரி அங்கேயே சிலையாகிவிட்டார். பெரியவர் போனை ஒருமுறை பார்த்தார்.

"எப்பலேர்ந்து?"

"பத்தேகால்லேர்ந்து" என்றேன்.

"நானும் ஜித்தாவுல பதினெட்டு வருசம் கம்பி கட்டுனவன்" என்றார். "தளம் பாதியில நின்னா எம்பொண்ணு ஆயுசுக்கும் ஒழுவுற வூட்ல கெடக்கணும். மாப்ளைக்கு இது புரியாது, அவரு நோட்டுல எழுதுறவரு. எங்க ஆட்டுக் கொட்டாய்ல நல்ல சவுக்குக் கட்டை ஒண்ணு இருக்கு மேஸ்திரி, எடுத்தாறச் சொல்லுங்க. தளம் முடிஞ்ச ஒடனே முட்டுக் குடுத்துடலாம்." பிறகு என் இலையில் ஒரு கறித்துண்டை எடுத்து வைத்தார். அஞ்சலை அக்கா உருட்டி உருட்டி ஊட்டியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பெரியவர் அதை வானத்தைப் பார்க்கப் பிடித்தார்.

"மாமா, என்னா மாமா, ஒண்ணும் தெரியலையே?"

"நெட்டு இல்ல மாப்ள" என்றார், தெளிவான படத்தில், தெளிவான குரலில்.

நாலரைக்குத் தளம் முடிந்தது. சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்து, என் ஜாக்கியைத் தளர்த்தி, உள் குழாயை மட்டும் உருவினார்கள். நானும் அதோடு உருவிக்கொண்டு வந்தேன். ஆள் உயரக் குழாய். சாமான் ஏற்றுகிற ஆட்டோவில் என்னைப் படுக்க வைத்து, என் பக்கத்தில் குழாயைப் படுக்க வைத்தார்கள். அது ஆட்டோவுக்குப் பின்னால் இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி இறங்கி ஓடிப்போய், அதன் முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வந்தார்.

பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரி. வாசலிலேயே ஒரு நர்ஸம்மா தடுத்தது.

"பேசண்ட் மட்டும் உள்ள வாங்க. சாமானெல்லாம் வெளிய வைங்க."

"சாமான் வெளிய இருந்தா நானும் வெளியதாங்க இருக்கணும்" என்றேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். குழாயைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது லேத்துல செய்ய வேண்டிய வேலைங்க" என்றார். லேத்துப் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் ரத்தத்தைப் பார்த்ததும், "ஐயய்யோ, இது டாக்டர் பாக்குற வேலைங்க" என்று கும்பிட்டார். மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி பட்டறை. சிவப்புத் துணி படபடக்க அந்தத் தெருவில் மூன்று முறை போய் வந்தேன். நான்காவது முறை டாக்டரம்மா பொறுமை இழந்து, "அவரை மிஷினோட இங்க வரச் சொல்லுங்க" என்றார்.

வந்தார். ஒயர் எட்டுகிற பிளக் ஊசி போடுகிற அறையில்தான் இருந்தது. டாக்டர் விரலை மரத்துப்போகச் செய்ய, நர்ஸம்மா சூடு தெரியாமல் இருக்கக் குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க, பட்டறைக்காரர் கடவுள் பேரைச் சொல்லாத குறையாகக் கண்ணை மூடித் திறந்துவிட்டுக் குழாயை அறுத்தார். தீப்பொறி பறந்தது. அவர் கட்டைவிரலில் ஓர் அழுக்குத் துணி சுற்றியிருந்தது.

"ஒங்க விரல்ல என்னாங்க?" என்றார் டாக்டர்.

"கீறல் மேடம்" என்றார் அவர்.

மூலையில் நின்ற மேஸ்திரி முதல் தடவையாக அன்றைக்குச் சிரித்தார்.

விரல் பிழைத்தது. அடியில் மோதிரம் மாதிரி ஒரு தழும்பு. நான் "டி.டி. ஊசி போட்டாச்சா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டதால் நர்ஸம்மா எரிச்சலில் சீட்டிலேயே எழுதிக் கையில் கொடுத்தது. மூன்று மாசத்துக்கு அந்த விரலில் சிமெண்ட் படக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மூன்று மாசம் கழித்து நான்காவது மாசம் பட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கப் பயந்தேன். அதனால் அதற்குப் பிறகு வேலை செய்த அத்தனை வருஷமும் அந்த ஒரு விரலை மட்டும் தனியாகத் தூக்கி வைத்துக்கொண்டே வேலை செய்தேன். கரணையை மூன்று விரலாலும் கட்டைவிரலாலும் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். எல்லாரும் எனக்கு அம்பயர் என்று பேர் வைத்தார்கள். சாரத்தின் உச்சியிலிருந்து யாராவது செங்கலைத் தவறவிட்டால், கீழே என்னைப் பார்த்து "அவுட்டா அம்பயரே?" என்று கேட்பார்கள்.

ஜமால் பாய் அடுத்த வருஷம் லீவில் வந்தார். பெரியவர் அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கோபிப்பார் என்று நினைத்து நான் கொட்டாவி விட்டுப் பார்த்துக்கொண்டே மேஸ்திரியோடு போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தழும்பைத் தடவிப் பார்த்தார். "நான் நிறுத்தியிருப்பேண்ணே" என்றார். "எனக்குத் தெரியும். அதான் சொல்லல" என்றார் மேஸ்திரி. அப்போது நல்ல மழை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து தளத்தைப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

இப்போதெல்லாம் தளம் போட வயிறு சுற்றுகிற லாரி வருகிறது. யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாயை மாடிக்கு நீட்டி, மதியத்துக்குள் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. ஐந்து பேர் போதும். சட்டி கைமாறுவதில்லை. அண்டாவில் பிரியாணி வருவதில்லை. ஐந்து பொட்டலம் வருகிறது. அஞ்சலை அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறது. மேஸ்திரி ஒரு கல்யாண மண்டபத்தில் விசில் வைத்துக்கொண்டு கார் நிறுத்த இடம் காட்டுகிறார். அவருக்கு ஒன்பதரை விரலில் ஒன்றிலும் ரேகை இல்லை; வீட்டம்மா விரலை வைத்துத்தான் அரிசி. ஒரு தலைமுறையின் கையைச் சிமெண்ட் அரித்துத் தின்றதை ரேஷன் மிஷின் வந்த பிறகுதான் நாங்களே தெரிந்துகொண்டோம்.

"அண்ணே, இன்னும் ஒரு வெரல் இருக்குல்ல?" என்றது புதுப் பெண்.

மடக்கி வைத்திருந்த அம்பயர் விரலை எடுத்து வைத்தேன். பச்சை விளக்கு. மிஷினுக்குள்ளிருந்து என் பெயர் வந்தது.

"இத மொதல்லயே வெச்சிருக்கலாம்ல?" என்றார் பின்னால் நின்றவர், கலைந்த தலையைக் கோதிக்கொண்டு.

வைத்திருக்கலாம்தான். அரிசிப் பையோடு நடந்தபோது மற்ற ஒன்பதையும் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன். அவை சும்மா போகவில்லை. லப்பைக்குடிக்காட்டில் ஒழுகாத ஒரு வீட்டில் கொஞ்சம் இருக்கும். அரியலூரில் ஒரு பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரில் இருக்கும். ஜெயங்கொண்டம் போகிற வழியில் நாங்கள் கட்டிய பஸ் ஸ்டாப்பை ரோடு அகலப்படுத்த இடித்துவிட்டார்கள். என் இடது மோதிர விரல் பெரும்பாலும் அதோடு போயிருக்க வேண்டும். அந்தப் பெண் ஒருநாள் மிஷினைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்து அந்தச் சுவர்களில் வைத்துப் பார்த்தால் பச்சை எரியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

புதிதாகக் கட்டுகிற வீடுகளில் வைத்துப் பார்த்தால் எரியாது. துதிக்கைக் குழாய்க்கு ரேகை கிடையாது.